பசுவின் சினைப்பையில் இரத்தக் குழாய்கள்: 21 நாளில் என்ன மாறுகிறது, அதை எப்படிப் படிப்பது

சினைப்பையைக் கையில் எடுத்தால் முதலில் எல்லோரும் ஸ்கேலைத்தான் தேடுவார்கள். ஃபாலிக்கிள் (முட்டை வளரும் நீர்ப்பை) எத்தனை மில்லிமீட்டர், கார்பஸ் லூட்டியம் (முட்டை வெளியேறியபின் அதே இடத்தில் உருவாகும், ஹார்மோன் சுரக்கும் திசு) எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுதிவிட்டால் வேலை முடிந்தது போல ஒரு திருப்தி வரும். அளவு முக்கியம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அளவு எப்போதும் பின்தங்கியே வரும். ஒரு ஃபாலிக்கிள் வளருமா வாடுமா, ஒரு கார்பஸ் லூட்டியம் வேலை செய்கிறதா இல்லையா என்பதை அதன் இரத்தக் குழாய்கள் முன்கூட்டியே காட்டிவிடும். உடம்பில் வளர்ந்த திசுக்களில் இரத்தக் குழாய்கள் பொதுவாகப் புதிதாக முளைப்பதில்லை, காயம் ஆறும்போதோ கட்டி வளரும்போதோதான் முளைக்கும். சினைப்பையிலோ ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரு முழு வலையே முளைத்து, முதிர்ந்து, அழிந்தும் போகிறது, அதுவும் நோய் எதுவும் இல்லாமல். அந்த வலையைத் திசுவிலும், ஸ்லைடிலும், உயிரோடு நிற்கும் மாட்டிலும் எப்படிப் பார்ப்பது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். இனி கார்பஸ் லூட்டியத்தைச் சுருக்கமாக சி.எல். என்றே எழுதுகிறேன்.

முதல் படி: இரத்தம் எந்த வழியாக வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெருந்தமனியிலிருந்து பிரியும் சினைப்பைத் தமனி நேராக வந்து சேர்வதில்லை. சினைப்பையை நெருங்கும்போது, கருப்பையிலிருந்தும் சினைப்பையிலிருந்தும் இரத்தத்தைத் திருப்பி எடுத்துப்போகும் சிரையின் மேல், கொழுகொம்பில் கொடி சுற்றுவது போலச் சுருண்டு சுருண்டு ஒட்டிக்கொண்டு வருகிறது. இந்தச் சுருளில்தான் மாட்டின் சினைச் சுழற்சியே அடங்கியிருக்கிறது. கருப்பையில் உண்டாகி சி.எல்.ஐக் கரைக்கும் புரோஸ்டாகிளாண்டின் எஃப்2 ஆல்ஃபா என்ற பொருள் சிரை இரத்தத்தில் வரும்போது, இரண்டு குழாய்ச் சுவர்களும் ஒட்டியிருக்கும் இந்த இடத்தில் தமனிக்குள் கசிந்து, நேராகச் சினைப்பைக்குப் போய்விடும். உடல் முழுவதும் சுற்றித்தான் வரவேண்டும் என்றிருந்தால் நுரையீரலை ஒருமுறை கடப்பதற்குள்ளேயே அதில் பெரும்பகுதி சிதைந்துவிடும். ஒரு பக்கச் சினைப்பையில் இருக்கும் சி.எல்.ஐ அதே பக்கத்துக் கருப்பைக் கொம்புதான் கரைக்கிறது என்பதும் இதனால்தான்.

சினைப்பைக்குள் நுழைந்த தமனி நடுப்பகுதியான மெடுல்லாவில் மறுபடியும் சுருள்கிறது. வெட்டிப் பார்த்தால் ஒரே குழாய் ஏழெட்டு வட்டங்களாக ஒரே இடத்தில் தெரியும், புதிதாகப் பார்ப்பவர்கள் அதை ஏழெட்டுக் குழாய்கள் என்று எண்ணிவிடுவார்கள். அங்கிருந்து கிளைகள் வெளிப்பகுதியான கார்டெக்ஸுக்குப் போகின்றன. ஃபாலிக்கிள்களும் சி.எல்.உம் இருப்பது கார்டெக்ஸில், மாற்றங்கள் எல்லாம் நடப்பதும் அங்கேதான்.

இரண்டாம் படி: வெட்டுவதற்கு முன்பே சுழற்சியின் எந்த நாள் என்று கண்டுபிடியுங்கள்

மாட்டின் சுழற்சி சராசரியாக 21 நாள், 18 முதல் 24 வரை இருக்கலாம். இறைச்சிக் கூடத்திலிருந்து வரும் சினைப்பைக்கு எந்தப் பதிவும் இருக்காது, ஆகவே கண்ணால் பார்த்தே கட்டத்தைத் தீர்மானிக்க வேண்டும். இதற்கு 1980-ல் அயர்லாண்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட நான்கு கட்டப் பகுப்பை இன்றும் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். அதன் அழகே சி.எல்.இன் மேற்பரப்பில் இரத்தக் குழாய் தெரிகிறதா என்று கேட்பதில்தான் இருக்கிறது.

1 முதல் 4-ஆம் நாள் வரை சி.எல். சிவப்பாக, ரத்தம் கட்டிய மாதிரி, ஒன்றரை சென்டிமீட்டருக்குள் இருக்கும், மேற்பரப்பில் குழாய்கள் தெரியாது. 5 முதல் 10 வரை உச்சி மட்டும் சிவப்பாகவோ பழுப்பாகவோ இருக்க, வெட்டினால் உள்ளே ஆரஞ்சு நிறம். குழாய்கள் அடிப்பகுதியைச் சுற்றி மட்டும் தெரியும், உச்சிக்கு இன்னும் ஏறியிருக்காது. 11 முதல் 17 வரை முழுவதும் ஆரஞ்சு அல்லது வெளிர்பழுப்பு, குழாய்கள் உச்சியையும் மூடியிருக்கும். 18 முதல் 20 வரை வெளிர்மஞ்சளாகவோ வெண்மையாகவோ மாறி, ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே சுருங்கி, மேற்பரப்பில் குழாய்களே தெரியாது. கூடவே 10 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட ஃபாலிக்கிள் இருக்கிறதா என்றும் பாருங்கள். முதல் கட்டத்தில் இருக்காது, இரண்டாம், நான்காம் கட்டங்களில் இருக்கும், மூன்றாவதில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

இந்த வேலையில் ஒரு விஷயத்தை விட்டுவிடவே கூடாது. கருப்பையும் சேர்ந்து வந்தால் மட்டுமே சினைப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். சினை மாட்டின் சி.எல். மூன்றாம் கட்டத்தைப் போலவே தோன்றும், கருப்பையைத் திறந்து பார்க்காமல் அதை "11 முதல் 17" என்று எழுதிவிட்டால் அப்புறம் வரும் எல்லா எண்ணிக்கையும் பாழ். அதேபோல முந்தைய சுழற்சிகளின் மிச்சங்கள் சின்னச் சின்ன செங்கல் நிறப் புள்ளிகளாகக் கிடக்கும், அவற்றை இந்தச் சுழற்சியின் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மூன்றாம் படி: திசுவைத் தயார் செய்தல்

சினைப்பையை அழுத்தாதீர்கள், பிழியாதீர்கள். தந்துகிகளுக்குள் நிற்கும் சிவப்பணுக்கள்தான் பிறகு ஸ்லைடில் வழி காட்டும். நீளவாக்கில், குழாய்கள் நுழையும் இடத்தின் வழியாக வெட்டுங்கள், அப்போதுதான் மெடுல்லாவின் சுருள் தமனியிலிருந்து சி.எல்.இன் உச்சி வரை ஒரே முகத்தில் கிடைக்கும். முழு சினைப்பையை அப்படியே ஃபார்மலினில் போட்டால் நடுப்பகுதிக்குள் இறங்குவதற்குள் திசு கெட ஆரம்பித்துவிடும், ஆகவே 5 மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் போகாத துண்டுகளாக்கி 10 சதவீத நடுநிலை ஃபார்மலினில் ஒருநாள் முதல் இரண்டு நாள் வரை வைத்தால் போதும். பாரஃபினில் பதித்து 4 அல்லது 5 மைக்ரான் கனத்தில் சீவலாம்.

வழக்கமான ஹெமடாக்சிலின் ஈயோசின் சாயத்தில் பெரிய குழாய்கள் நன்றாகத் தெரியும், சிவப்பணு நிறைந்த தந்துகிகளும் தெரியும், ஆனால் காலியான தந்துகி கண்ணுக்குத் தப்பிவிடும். குழாய்களை எண்ணப் போகிறீர்கள் என்றால் இந்தச் சாயத்தை மட்டும் நம்பாதீர்கள். குழாயின் உட்சுவரை மூடும் எண்டோதீலியச் செல்களைக் குறிக்க வான் வில்லிபிராண்ட் காரணிக்கான நோயெதிர்ப்புச் சாயம் இருக்கிறது, ஆனால் எல்லாத் தந்துகிகளிலும் அது ஒரே அளவில் ஏறாது. மாட்டுத் திசுவுக்கு பி.எஸ்-1 என்ற லெக்டின் (செல்லின் மேலுள்ள சர்க்கரைகளில் ஒட்டும் புரதம்) நன்றாக வேலை செய்யும். குழாயைச் சுற்றி நிற்கும் பெரிசைட்டுகளைப் பார்க்க ஆல்ஃபா மென்தசை ஆக்டினுக்குச் சாயமேற்றலாம். ஃபாலிக்கிளைச் சுற்றியிருக்கும் தீக்கா உறையின் வெளி அடுக்கான வெளித் தீக்காவிலும் தசை போன்ற செல்கள் இருப்பதால் அவையும் நிறமேறும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

வலையின் வடிவத்தை முப்பரிமாணத்தில் பார்க்க வேண்டுமென்றால் வார்ப்பு எடுக்க வேண்டும். தமனிக்குள் மெல்லிய குழாயைச் செருகி, ஹெப்பாரின் கலந்த வெதுவெதுப்பான உப்புநீரால் கழுவி, பிசினைச் செலுத்தி, அது இறுகியதும் திசுவைக் காரத்தில் கரைத்துவிட்டால் குழாய்களின் அச்சு மட்டும் நிற்கும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அதைப் பார்ப்பது ஒரு தனி அனுபவம், வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள்.

நான்காம் படி: ஃபாலிக்கிளின் சுவரைப் படியுங்கள்

ஆரம்ப நிலை ஃபாலிக்கிள்களுக்குச் சொந்தக் குழாய் கிடையாது, சுற்றியுள்ள திசுவில் ஊறி வருவதே அவற்றுக்கு உணவு. தீக்கா உறை உருவாகும்போதுதான் குழாய்கள் வந்து சேர்கின்றன. 40 மடங்கு ஆப்ஜெக்டிவில் வளர்ந்த ஃபாலிக்கிளின் சுவரை வையுங்கள். உட்புறம் கிரானுலோசாச் செல்கள் அடுக்கடுக்காக நெருக்கமாக நிற்கும், அதன் அடியில் மெல்லிய அடிப்படலம், அதற்கு வெளியே உள் தீக்காவில் சிவப்பணுக்கள் வரிசைகட்டிய தந்துகிகள் படலத்தை உரசிக்கொண்டே ஓடும். ஆனால் ஒன்றுகூடப் படலத்தைத் தாண்டியிருக்காது. அதற்கு வெளியே, வெளித் தீக்காவில், சற்றுப் பெரிய குழாய்களின் இன்னொரு வலை. முட்டையும் கிரானுலோசாவும் முட்டை வெளியேறும் காலம் வரை இரத்தமே தொடாமல் வாழ்கின்றன, எல்லாம் அந்தப் படலத்தின் வழியே ஊறித்தான் வரவேண்டும்.

ஒரு சுழற்சியில் இரண்டு அல்லது மூன்று அலைகளாக ஃபாலிக்கிள்கள் எழுகின்றன. ஒரு கூட்டம் சேர்ந்து வளர, ஏறக்குறைய 8.5 மில்லிமீட்டர் அளவில் ஒன்று முந்திக்கொள்ளும், மற்றவை பின்வாங்கும். முந்திய ஃபாலிக்கிளின் தீக்காவில் தந்துகிகள் அடர்ந்திருக்கும், பின்வாங்கியவற்றில் அவை சுருங்கி மெலியும். ஹார்மோன்கள் இரத்தத்தில் எல்லா ஃபாலிக்கிள்களுக்கும் பொதுவாகத்தான் வருகின்றன, எந்தச் சுவரில் வலை அடர்த்தியோ அதற்கு அதிகம் போய்ச் சேரும். கிரானுலோசாவும் தீக்காவும் விஇஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியைச் சுரந்து குழாய்களை அழைக்கின்றன, ஃபாலிக்கிள் பெரிதாக ஆக அதன் நீரில் இந்தக் காரணி கூடிக்கொண்டே போகும். இடையில் ஒரு தகவல்: 1989-ல் நப்போலியோனே ஃபெராராவும் ஹென்செலும் இந்தக் காரணியைப் பிரித்தெடுத்தது மாட்டின் பிட்யூட்டரிச் செல்களிலிருந்துதான்.

இங்கே பலர் தடுக்கி விழும் ஒரு இடம் உண்டு. மாட்டில் 5 மில்லிமீட்டருக்குக் கீழான சில ஃபாலிக்கிள்களில் கிரானுலோசாவின் அடியிலிருக்கும் செல்கள் முதலில் சாகும், அப்போது தந்துகிகள் படலத்தைத் தாண்டி உள்ளே நுழைந்திருக்கும். அதைப் பார்த்து சி.எல்.ஆக மாறுகிறது என்று எழுதிவிடாதீர்கள், அது அழிவின் ஒரு வகை. ஃபாலிக்கிளின் அளவையும் அடிச்செல்களின் உட்கருவையும் சேர்த்துப் பார்த்தால் குழப்பம் தீரும்.

ஐந்தாம் படி: முட்டை வெளியேறும் நேரம்

சினைப்பருவம் தொடங்கும்போது, முட்டை வெளியேறத் தூண்டும் எல்.ஹெச். ஹார்மோன் அலையாக எழுகிறது. அடுத்த சில மணி நேரத்திலேயே ஃபாலிக்கிளின் சுவரில் இரத்த ஓட்டம் விறுவிறுவென்று கூடும், தந்துகிகள் கசிந்து சுவர் நீர் கோத்துக்கொள்ளும். ஆனால் சுவர் முழுவதும் ஒரே மாதிரி கூடுவதில்லை. அடிப்பகுதியில் ஓட்டம் பெருக, வெடிக்கப் போகும் உச்சியில் அது குறைந்துபோகிறது. 2003-ல் ஜப்பானில் அகோஸ்டா, மியாமோட்டோ குழுவினர் இரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் கலர் டாப்ளர் ஸ்கேனில் உயிருள்ள பசுக்களிலேயே இந்த மாற்றங்களைத் தொடர்ந்து பார்த்து வெளியிட்டார்கள். சினைப்பருவம் தொடங்கி ஏறக்குறைய 24 முதல் 32 மணி நேரத்தில் உச்சி கிழிந்து முட்டை வெளியேறும்.

ஆறாம் படி: முதல் ஏழு நாள், இதில்தான் நிதானம் வேண்டும்

முட்டை வெளியேறியதும் அடிப்படலம் சிதைகிறது. இதுவரை வாசலில் காத்திருந்த தந்துகிகள் கிரானுலோசாவுக்குள் பாய்கின்றன, கூடவே பெரிசைட்டுகளும் தீக்காச் செல்களும். மூன்றாம் நாள் சி.எல்.ஐக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். ஃபாலிக்கிளின் சுவர் மடிப்பு மடிப்பாக உள்நோக்கி விழுந்திருக்கும், ஒவ்வொரு மடிப்பின் நடுத்தண்டிலும் தீக்காவிலிருந்து வந்த குழாய்கள் சிவப்புக் கோடாக ஓடும், நடுவில் கருஞ்சிவப்பில் உறைந்த இரத்தம். அதே துண்டை ஸ்லைடில் வைத்தால், மடிப்பின் தண்டிலிருந்து பக்கவாட்டில் ஒற்றைச் செல் கனத்தில் முளைகள் கிளம்பி, இன்னும் குழாயே எட்டாத கிரானுலோசாப் பகுதியைத் தேடிப் போவது தெரியும். செல் பிளவைக் காட்டும் கி-67 சாயம் போட்டால் இந்தக் கட்டத்தில் ஒளிரும் உட்கருக்களில் பெரும்பாலானவை எண்டோதீலியச் செல்களுடையவையாகவே இருக்கும்.

தூண்டுவது எது? ஆக்சிஜன் பற்றாக்குறை ஒன்று, எல்.ஹெச். இன்னொன்று. இரண்டும் சேர்ந்து விஇஜிஎஃப் சுரப்பைக் கூட்டுகின்றன. எஃப்ஜிஎஃப்-2 என்ற காரணியும் இந்தத் தொடக்க நாட்களில் நிறைய இருக்கும். பசுவின் இளம் சி.எல்.இல் இந்த இரண்டில் எதைத் தடுத்தாலும் சி.எல். சிறுத்துப்போகிறது, அது சுரக்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனும் குறைகிறது என்று சோதனைகளில் காட்டியிருக்கிறார்கள். அதாவது புரோஜெஸ்டிரோன் குறைவு என்று நாம் சொல்லும் பிரச்சினை சில நேரம் இந்த முதல் வாரத்தில் குழாய் சரியாக முளைக்காததிலேயே தொடங்கியிருக்கலாம். அந்த ஹார்மோனுக்கு மூலப்பொருளான கொலஸ்டிரால் இரத்தத்தில்தான் வந்து சேர வேண்டும், உண்டான ஹார்மோனும் இரத்தத்தில்தான் வெளியேற வேண்டும். குழாய் இல்லாத இடத்தில் ஹார்மோன் சுரக்கும் லூட்டியல் செல் எத்தனை இருந்தும் பலன் கம்மிதான்.

ஏழாம் படி: முதிர்ந்த சி.எல்.

10-ஆம் நாளைத் தாண்டும்போது முளைப்பு அடங்கி, வலை நிலைபெற்றுவிடும். ஏறக்குறைய ஒவ்வொரு லூட்டியல் செல்லும் ஒரு தந்துகியையாவது தொட்டுக்கொண்டிருக்கும். எடைக்கு எடை பார்த்தால் உடம்பிலேயே மிக அதிக இரத்த ஓட்டம் உள்ள திசுக்களில் இதுவும் ஒன்று, சினைப்பைக்கு வரும் இரத்தத்தில் பெரும்பங்கு இதற்கே போகிறது. இந்தக் கட்டத்தில் செல்களின் எண்ணிக்கையில் பாதிக்குமேல் குழாய் சார்ந்த செல்கள்தான், ஆனால் பருமனில் லூட்டியல் செல்களே பெரும்பகுதி. ஒருவர் உட்கருக்களை எண்ணி ஒரு முடிவுக்கு வருவார், இன்னொருவர் பரப்பை அளந்து வேறொரு முடிவுக்கு வருவார், இரண்டு பேரும் சரியாகத்தான் செய்திருப்பார்கள். எதை அளந்தீர்கள் என்பதைத் தெளிவாக எழுதிவிட்டால் சண்டையே வராது.

எட்டாம் படி: அழிவை அவசரமில்லாமல் பாருங்கள்

சினை பிடிக்கவில்லையென்றால் 17-ஆம் நாள் வாக்கில் கருப்பை புரோஸ்டாகிளாண்டினைத் துடிப்புத் துடிப்பாக விட ஆரம்பிக்கிறது. அது வந்ததும் குழாய்கள் சுருங்கி, பட்டினியில் சி.எல். சாகும் என்றுதான் பலரும் மனதில் வைத்திருக்கிறார்கள். ஆனால் நடப்பது அப்படியில்லை. முதிர்ந்த சி.எல். உள்ள பசுவுக்கு புரோஸ்டாகிளாண்டின் ஊசி போட்டால் அரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் சி.எல்.இன் விளிம்பில் இரத்த ஓட்டம் கூடுகிறது! நைட்ரிக் ஆக்சைடு அங்குள்ள குழாய்களை விரிக்கிறது, புரோஜெஸ்டிரோன் அதற்குள் இறங்கத் தொடங்கியிருக்கும். அதன் பிறகுதான் எண்டோதீலின்-1, ஆஞ்சியோடென்சின்-2 ஆகியவற்றின் கை ஓங்கி, குழாய்கள் இறுகி, ஓட்டம் விழுகிறது. ஒரு நாளைக்குள் புரோஜெஸ்டிரோன் அடிமட்டத்துக்குப் போய்விடும், சி.எல்.இன் அளவு சுருங்குவதோ மெதுவாகத்தான் தொடரும்.

4-ஆம் நாள் சி.எல். உள்ள பசுவுக்கு அதே ஊசி போட்டால் இந்த ஓட்ட உயர்வு வருவதில்லை, சி.எல். கரைவதும் இல்லை. 5-ஆம் நாளுக்கு முன் புரோஸ்டாகிளாண்டின் பலிக்காது என்று களத்தில் எல்லோரும் அறிந்த விஷயத்தோடு இது பொருந்திப் போவதைக் கவனியுங்கள். குழாய் முதிர்ந்திருந்தால்தான் அது அழிவுச் செய்திக்குப் பதில் சொல்லும்.

ஸ்லைடில் இந்தக் கட்டம் இப்படித் தெரியும். தந்துகியின் எண்டோதீலியச் செல்கள் உருண்டு, அடியிலிருந்து பிரிந்து, குழாயின் வழியை அடைத்துக்கொண்டிருக்கும். சிறு குழாய்கள் முதலில் போகும். பெரிய நுண்தமனிகள் மட்டும் கடைசிவரை நிற்கும், அவற்றின் தசைச்சுவர் தடித்துவிடும். கனத்த சுவருள்ள குழாய்கள் கும்பலாக, நடுவே நார்த்திசு, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கொழுப்புத் துளிகள் தேங்கிய லூட்டியல் செல் என்றால் அது பழைய சி.எல்.

எண்ணும்போது கவனிக்க வேண்டியவை

சி.எல்.இன் விளிம்பும் நடுவும் ஒன்றல்ல, ஆகவே நன்றாகத் தெரியும் இடத்தைத் தேடிப் போகாமல் இரண்டிலிருந்தும் முன்கூட்டியே வகுத்த முறைப்படி புலங்களை எடுங்கள். அழியும் சி.எல்.இல் திசுவே சுருங்குவதால் ஒரு புலத்தில் குழாய்கள் நெருங்கி, எண்ணிக்கை கூடியது போல ஏமாற்றும். அதனால் அடர்த்தியோடு சி.எல்.இன் மொத்தப் பருமனையும் சேர்த்தே சொல்லுங்கள். நடுவில் நீர்க்குழி உள்ள சி.எல். சாதாரணமானதுதான், அந்தக் குழியின் பரப்பைக் கழித்துவிட்டுக் கணக்கிட வேண்டும். நாளைத் தெரிந்துகொண்டு எண்ணாதீர்கள், ஸ்லைடின் எண்ணை மறைத்து வேறொருவரிடம் கொடுங்கள்.

கடைசிப் படி: உயிரோடு நிற்கும் மாட்டில் பார்த்தல்

ஆசனவாய் வழியே வைக்கும் 7.5 மெகாஹெர்ட்ஸ் லீனியர் ப்ரோப், கலர் டாப்ளர் வசதி, இவை போதும். முதலில் கருப்பு வெள்ளைப் படத்தில் சி.எல்.ஐ அதன் பெரிய குறுக்குவெட்டில் நிறுத்துங்கள், அப்புறம் டாப்ளரைப் போடுங்கள். கெயின், வேக வரம்பு இரண்டையும் ஒருமுறை அமைத்துவிட்டால் எல்லா மாடுகளுக்கும் எல்லா நாட்களுக்கும் அதையே வைக்க வேண்டும். ஒரு மாட்டுக்குக் கெயினைக் கொஞ்சம் கூட்டிவிட்டீர்கள் என்றால் அந்த மாட்டின் படம் மற்றவற்றோடு ஒப்பிட உதவாது. மாடு அசைந்தாலோ குடல் அசைந்தாலோ திரை முழுக்க நிறம் தெறிக்கும், அந்தப் படங்களை ஒதுக்கிவிட்டு, நாடித்துடிப்போடு வந்து வந்து போகும் நிறத்தை மட்டும் எடுங்கள். சினைப்பையைக் கையால் இறுக்கிப் பிடித்தால் ஓட்டமே நின்றுவிடும், ஆகவே தளர்வாகப் பிடியுங்கள்.

சினைப்பையில் நீர்க்கட்டி உள்ள மாடுகளிலும் இது கைகொடுக்கும். சுவர் 3 மில்லிமீட்டருக்கு மேல் தடித்து, அதில் நிறமும் ஓடினால் லூட்டியல் கட்டி என்று எடுத்துக்கொண்டு புரோஸ்டாகிளாண்டினைப் பற்றி யோசிக்கலாம். சுவர் மெல்லியதாக இருந்தால் ஃபாலிக்கிள் கட்டி, அதற்கு மருந்து வேறு.

சினை ஊசி போட்டு 20 முதல் 22-ஆம் நாளில் சி.எல்.ஐப் பாருங்கள். நிறமே இல்லை அல்லது விளிம்பில் ஒரு புள்ளிதான் இருக்கிறது என்றால், அளவு நன்றாக இருந்தாலும், அந்த மாடு சினையில்லை என்று தைரியமாகச் சொல்லலாம், அடுத்த சினை ஊசிக்கு உடனே ஏற்பாடு செய்யலாம். நிறம் நிறைந்திருந்தால் சினை என்று உறுதி கூறாதீர்கள். சில மாடுகளில் சி.எல். தாமதமாகக் கரையும், சிலவற்றில் கரு பிடித்து இடையில் அழியும். அவற்றை 28 முதல் 30-ஆம் நாளில் மறுபடி ஸ்கேன் செய்து, கருவின் இதயத்துடிப்பைப் பார்த்த பிறகு சினை என்று எழுதுங்கள்.